மறுகேள்வி எழாத மின்னஞ்சல்: கல்விக்கும் பணியிடத்துக்கும் ஒரு வழிகாட்டி

ஒரு மின்னஞ்சல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அறிய ஓர் அளவுகோல் உண்டு. அதைப் பெற்றவர், எழுதியவரிடம் திரும்ப எதையும் கேட்காமல், தாம் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடிகிறது என்றால், நடையில் சிறு குறை இருந்தாலும் அது நல்ல மடல். முடியவில்லை என்றால், எத்தனை மரியாதைச் சொற்கள் இருந்தாலும் அது பாதி மடல்தான். எழுதியவர் செய்யாமல் விட்ட வேலையைப் படிப்பவர் செய்ய வேண்டியிருக்கிறது. மாணவர் ஆசிரியருக்கு எழுதினாலும், ஊழியர் மேலாளருக்கு எழுதினாலும், ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதினாலும் இந்த அளவுகோல் மாறுவதில்லை. இந்த வழிகாட்டியில் வரும் அறிவுரைகள் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவையே.

மின்னஞ்சலின் தொழில்நுட்பம் நம்மைத் திருத்தாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்பியபோது, பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ குறியைத் தேர்ந்தெடுத்தார். மடலின் தலைப்பகுதியில் என்னென்ன புலங்கள், அதாவது விவரம் இடும் இடங்கள், இருக்கலாம் என்பதை 1982-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்தது. 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5322 அதன் வழிவந்தது. இந்தத் தரநிலையின்படி ஒரு மடலில் கட்டாயம் இருக்க வேண்டிய புலங்கள் தேதியும் அனுப்புநரும் மட்டுமே. பொருள் வரியோ விளிச்சொல்லோ கையொப்பமோ கட்டாயமில்லை, உள்ளடக்கம்கூடக் கட்டாயமில்லை. ஆகவே பொருள் வரி வெறுமையாகவும் அடியில் எழுதியவர் பெயர் இல்லாமலும் ஒரு மடல் தடையின்றிப் போய்ச் சேர்ந்துவிடும். ஒழுங்கு எழுதுபவரிடமிருந்துதான் வர வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன்

சொல்ல வந்தது மின்னஞ்சலுக்கு உரியதுதானா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமென்றால் தொலைபேசியில் அழையுங்கள். மின்னஞ்சலை உடனுக்குடன் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. மனத்தாங்கலைத் தீர்க்கவும், ஒருவருடைய வேலையில் உள்ள குறையை முதன்முறையாக எடுத்துச் சொல்லவும் நேர்ப்பேச்சே ஏற்றது, ஏனென்றால் குரலும் முகமும் இல்லாத எழுத்தில் மென்மையாகச் சொன்னதும் கடுமையாகப் படும். பலமுறை முன்னும் பின்னும் பேசித் தீர்க்க வேண்டியவற்றையும் அப்படியே பேசிவிட்டு, முடிவை மட்டும் மின்னஞ்சலில் பதிவு செய்வது நல்லது. மின்னஞ்சலுக்குரிய இடம் வேறு: நிதானமாகப் படித்து முடிவெடுக்க வேண்டியவை, பிற்பாடு எடுத்துப் பார்க்க வேண்டியவை, ஒரே செய்தி பலருக்கு ஒரே சொற்களில் போய்ச் சேர வேண்டியவை.

அடுத்து, 'இதைப் படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். 'செவ்வாய்க்கிழமைக்குள் வரைவுக்கு ஒப்புதல் தர வேண்டும்', 'கூட்ட நேரம் மாறியதைத் தெரிந்துகொண்டால் போதும்' என்று விடை தெளிவாக வந்தால் மடலின் பெரும்பகுதி உருவாகிவிட்டது என்று பொருள். வரவில்லை என்றால் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடுவதே நல்லது. நமக்கே தெளிவில்லாததைப் படிப்பவர் ஊகிக்க முடியாது.

பொருள் வரி

உள்பெட்டியில் நூறு மடல்கள் வரிசையாக நிற்கும்போது எதைத் திறப்பது என்பதைப் பொருள் வரிதான் தீர்மானிக்கிறது. 'வணக்கம்', 'முக்கியம்', 'ஒரு சந்தேகம்', 'தேவை' போன்ற வரிகள் எதையும் சொல்வதில்லை. 'இயற்பியல் ஆய்வக அறிக்கை: இரண்டு நாள் கால நீட்டிப்பு வேண்டுகோள்' என்பதும், 'ஆண்டறிக்கை வரைவு: 14-ஆம் தேதிக்குள் கருத்து தேவை' என்பதும் திறக்காமலே பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. கைபேசித் திரையில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். ஆகையால் எந்தப் பாடம், எந்தத் திட்டம், எந்தக் கோப்பு என்பது வரியின் தொடக்கத்திலேயே வர வேண்டும். 'அவசரம்' என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று முறை அதைப் பயன்படுத்துபவருடைய மடலை நான்காம் முறை யாரும் அவசரமாகத் திறப்பதில்லை.

ஒரு மடலுக்குப் பதில் எழுதும்போது மென்பொருள் முந்தைய மடலின் அடையாள எண்ணைப் புதிய மடலின் தலைப்பகுதியில் சேர்க்கிறது. அதைக் கொண்டுதான் மடல்கள் ஓர் உரையாடலாகத் தொகுக்கப்படுகின்றன. அலுவலகக் கடிதத்தில் 'பார்வை' என்ற வரி செய்யும் வேலையை இங்கே மென்பொருளே செய்துகொள்கிறது. ஆகவே அதே விஷயத்தைத் தொடரும்போது பழைய மடலுக்கே பதிலிடுங்கள். புதிய விஷயத்தைத் தொடங்கும்போது புதிய மடல் எழுதுங்கள். விடுமுறை விண்ணப்பத்தைப் பற்றிய பழைய உரையாடலைத் திறந்து அதன் அடியில் கருவி வாங்குவது பற்றி எழுதினால், ஆறு மாதம் கழித்து அதைத் தேடுபவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

யாருக்கு, யாருக்கு நகல்

பெறுநர் புலத்தில் இருப்பவர் செயல்பட வேண்டியவர். சிசி என்னும் நகல் புலத்தில் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதுமானவர். இந்த வேறுபாட்டை எழுதுபவர் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், படிப்பவர் தம் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே தம் பொறுப்பை அறிந்துகொள்வார். பெறுநர் புலத்தில் ஐந்து பேரைப் போட்டு 'யாராவது இதைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதினால், மற்றவர் பார்ப்பார் என்று ஐவரும் விட்டுவிடுவார்கள். பலருக்கு எழுத வேண்டியிருந்தால், யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பெயர் சொல்லித் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

மேலாளரையோ துறைத் தலைவரையோ நகலில் சேர்ப்பது ஒரு செயல்; அது பேசாமலே பேசும். இதுவரை இருவருக்குள் இருந்த ஒன்றில் திடீரென உயர்நிலையில் உள்ளவரைச் சேர்த்தால், 'உங்கள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை' என்றே எதிரில் உள்ளவர் படிப்பார். சில நேரங்களில் அது தேவைப்படலாம். அப்போது காரணத்தை வெளிப்படையாக எழுதுவதே நேர்மை: 'நிதி ஒப்புதல் அவரிடமிருந்து வர வேண்டியிருப்பதால் துறைத் தலைவரையும் சேர்த்திருக்கிறேன்.'

பிசிசி என்னும் மறைநகலுக்கு முறையான பயன் ஒன்று உண்டு: ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே செய்தியை அனுப்பும்போது அவர்களுடைய முகவரிகளை மறைத்துக் காப்பது. இதில் நேரும் பிழை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு 2015 செப்டம்பரில் லண்டனில் நடந்தது சான்று. எச்.ஐ.வி. சிகிச்சை தொடர்பான ஒரு மருத்துவச் சேவையிலிருந்து சென்ற செய்திமடலில், முகவரிகள் மறைநகல் புலத்துக்குப் பதிலாகப் பெறுநர் புலத்தில் இடப்பட்டிருந்தன. அதைப் பெற்ற 700-க்கும் மேற்பட்டோரின் முகவரிகளும், அவற்றோடு பெரும்பாலானோரின் பெயர்களும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2016-இல் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஒரு புலத்தை மாற்றி இட்டதால் நேர்ந்த தீங்கு இது. அபராதத்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. பெற்றோர் பட்டியல், விண்ணப்பதாரர் பட்டியல், உதவித்தொகை பெறுவோர் பட்டியல் ஆகியவற்றைக் கையாள்பவர்கள், ஒவ்வொரு முறையும் அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் புலத்தின் பெயரைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அடிக்கடி அனுப்ப வேண்டியிருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடலாக அனுப்பும் வசதியைப் பயன்படுத்துவது இன்னும் பாதுகாப்பானது.

ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் படிக்கட்டும் என்பதற்காக மறைநகலைப் பயன்படுத்த வேண்டாம். மறைவில் இருப்பவர் மறந்துபோய் 'அனைவருக்கும் பதில்' கொடுத்துவிட்டால் உடனே வெளிப்பட்டுவிடும். அப்படி ஒருமுறை வெளிப்பட்ட பிறகு நம்பிக்கை எளிதில் திரும்புவதில்லை.

'அனைவருக்கும் பதில்' பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். 2016 நவம்பரில் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்-இல், ஒரு சோதனை மடல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடங்கிய பட்டியலுக்குச் சென்றுவிட்டது. 'என்னைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்', 'யாரும் அனைவருக்கும் பதில் அனுப்பாதீர்கள்' என்று பலரும் அனைவருக்குமே பதில் எழுத, மின்னஞ்சல் அமைப்பே மெதுவாகிப்போனது. தவறான பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் பட்டியலை நடத்துபவருக்கு மட்டும் எழுதுங்கள், அல்லது எதுவும் செய்யாமல் இருங்கள். நன்றி, வாழ்த்து, 'பார்த்தேன்' என்பவை அனுப்பியவருக்கு மட்டும் போகட்டும். ஆனால் எல்லோரையும் பாதிக்கும் தேதி மாற்றத்தையோ திருத்தத்தையோ ஒருவருக்கு மட்டும் சொல்லி விட்டுவிடுவதும் அதே அளவு தவறு.

மடலை முழுவதும் எழுதி, படித்துத் திருத்திய பிறகு முகவரியை இடுங்கள். அரைகுறை வரைவு கைதவறிப் போய்விடாமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

மடலின் உடல்

விளியும் வணக்கமும் ஒரு வரியில் முடியட்டும். மூத்தவர்களுக்கும் அறிமுகம் இல்லாதவர்களுக்கும் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்குவது எப்போதும் பொருந்தும். நாள்தோறும் கூட வேலை செய்பவருக்கு 'வணக்கம்' போதும். எதிரில் இருப்பவர் தம்மை எப்படிக் குறிப்பிட்டுக்கொள்கிறார் என்பதை அவருடைய கையொப்பத்திலிருந்து பார்த்து அதையே பின்பற்றுங்கள். பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம்தான் மடலின் உயிர். உங்களை அறியாதவர் என்றால் நீங்கள் யார் என்பதும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதும் அங்கேயே வர வேண்டும். பின்னணி, காரணம், வரலாறு ஆகியவை அதன் பிறகு வரலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான்கு பத்தி விளக்கத்துக்குப் பிறகு கடைசி வரியில் வேண்டுகோள் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை எல்லோருக்கும், எல்லா நாளும் இருக்காது.

தேதியையும் நேரத்தையும் எழுதுவதில் தனிக்கவனம் வேண்டும். 'அடுத்த வெள்ளி' என்றால் இந்த வாரமா, வரும் வாரமா என்ற ஐயம் எழும். '04/05' என்பதைச் சிலர் மே 4 என்றும் சிலர் ஏப்ரல் 5 என்றும் படிப்பார்கள். 'வெள்ளி நள்ளிரவு 12 மணி' என்பதில் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்பது விளங்காது. 'வெள்ளி இரவு 11:59' என்றால் விளங்கும். நாளையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுக்கும். வேறு நாட்டில் இருப்பவருக்கு எழுதும்போது எந்த நேர மண்டலம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஒரு மடலில் ஒரு வேண்டுகோள் என்பது நல்ல வழக்கம். மூன்று கேள்விகள் கேட்டே ஆக வேண்டும் என்றால் எண்ணிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் வரும். அதுபோல, எண்ணிட்டுக் கேட்டவருக்கு எண்ணிட்டே பதில் எழுதுங்கள்.

மாணவர் ஆசிரியருக்கு எழுதும்போது

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் முறையான மடலை முதன்முதலில் எழுதுவது ஆசிரியருக்குத்தான். அங்கே படியும் பழக்கமே பின்னர் வேலைக்கும் போகிறது.

கல்வி நிறுவனம் தந்த முகவரியிலிருந்தே எழுதுங்கள். சொந்த முகவரியிலிருந்து வரும் மடலை எழுதியவர் அந்த மாணவர்தானா என்று ஆசிரியரால் உறுதி செய்துகொள்ள முடியாது. மதிப்பெண் போன்றவற்றை அந்த முகவரிக்கு அனுப்பப் பல நிறுவனங்களின் விதிகள் இடம் தருவதில்லை. உங்கள் பெயர், பதிவு எண், பாடத்தின் பெயர், வகுப்புப் பிரிவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஆசிரியருக்கு உங்களைத் தெரியும் என்றாலும் எழுதுங்கள், ஏனென்றால் பதிவேட்டில் தேட அவருக்கு அவை தேவை. கேட்கும் முன் பாடத்திட்டத்தையும் அறிவிப்புப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால், எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உங்கள் கேள்வியின் மதிப்பை உயர்த்துகிறது.

கால நீட்டிப்பு கேட்கும் மடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஐயா, உடம்பு சரியில்லை. கொஞ்சம் டைம் வேண்டும். ப்ளீஸ்' என்று எழுதினால், யார், எந்தப் பாடம், எந்தப் பணி, எத்தனை நாள் என்று ஆசிரியர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். அதையே இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் ஆ பிரிவு மாணவி. மார்ச் 12, வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டிய மூன்றாவது ஆய்வக அறிக்கையை மார்ச் 14, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறேன். காய்ச்சல் காரணமாகத் திங்கள் முதல் வகுப்புக்கு வர முடியவில்லை. மருத்துவச் சான்றை இணைத்திருக்கிறேன். அளவீடுகளை எடுத்து முடித்துவிட்டேன். கணக்கீடும் முடிவுரையும் மட்டும் மீதமுள்ளன. அனுமதி இல்லையெனில், முடிந்தவரை எழுதியதை வியாழக்கிழமையே ஒப்படைத்துவிடுகிறேன்.' இதன் கீழே பெயரும் பதிவு எண்ணும்.

இந்த மடலுக்கு ஆசிரியர் ஒரே சொல்லில் பதில் தரலாம். மறுத்தாலும் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். காரணம் சுருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். உடல்நலத்தையோ குடும்பத் துயரத்தையோ தேவைக்கு மேல் விவரிக்க எந்த மாணவரும் கடமைப்பட்டவர் அல்லர். இந்த மடல் கெடு முடிவதற்கு முன்பே போக வேண்டும் என்பதும் முக்கியம். கெடு முடிந்த பிறகு எழுதினால் ஆசிரியருடைய கைகள் பெரும்பாலும் கட்டப்பட்டுவிடும்.

மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால், மதிப்பெண் வந்த அன்றே எழுதாமல் ஒரு நாள் பொறுத்து எழுதுங்கள். 'எனக்கு ஏன் குறைத்தீர்கள்?' என்பதைவிட, 'நான்காவது கேள்வியின் இரண்டாம் பகுதியில் மதிப்பெண் எங்கே குறைந்தது என்று அறிய விரும்புகிறேன். நேரில் வந்து பார்க்க ஏற்ற நேரம் சொல்லுங்கள்' என்பது விடை பெற்றுத் தரும்.

பரிந்துரைக் கடிதம் கேட்பது எல்லாவற்றிலும் நுட்பமானது. குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகக் கேளுங்கள். முதல் மடலில் சம்மதத்தை மட்டும் கேளுங்கள். 'எனக்கு வலுவான பரிந்துரை தர இயலும் என்று கருதினால்' என்று எழுதுவது, மனமில்லாதவர் கண்ணியமாக மறுக்க வழி தருகிறது. மனமில்லாமல் எழுதப்பட்ட பரிந்துரையால் உங்களுக்கும் நன்மை இல்லை. அவர் சம்மதித்த பிறகு, எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், கெடு நாள், எந்தத் தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்ற விவரங்களையும், தன்விவரக் குறிப்பையும், அவரிடம் நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும் ஒரே மடலில் அனுப்புங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் தவறில்லை. முடிவு எதுவானாலும் அதை அவருக்குத் தெரிவியுங்கள். பரிந்துரை எழுதிய ஆசிரியர்களில் பலருக்கு அந்தச் செய்தி கடைசிவரை வந்து சேர்வதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆசிரியர் எழுதும்போது

வகுப்பு முழுவதற்கும் அறிவிப்பு அனுப்பும் ஆசிரியர், என்ன மாறியது என்பதை முதல் வரியிலும், எது மாறவில்லை என்பதை அடுத்த வரியிலும் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் வராமலே போகும். மதிப்பெண்ணையும் வருகைக் குறைவையும் உரியவருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும்; வகுப்பின் மதிப்பெண் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவது, சட்டம் என்ன சொன்னாலும், ஒரு மாணவரின் கண்ணியத்தைக் கூட்டத்தின் நடுவில் வைப்பதாகும். ஒரு குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால் மின்னஞ்சலில் சந்திப்புக்கு நேரம் மட்டும் கேளுங்கள். குறையை நேரில் சொல்லுங்கள். வயது வராத மாணவர்களோடு எழுத்துத் தொடர்பு பள்ளியின் அதிகாரப்பூர்வ முகவரி வழியாக மட்டுமே நடக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் பதில் தருவீர்கள் என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

பணியிடத்தில்

பணியிடத்தில் மின்னஞ்சல் செய்தியாக மட்டும் நிற்பதில்லை, பதிவாகவும் மாறுகிறது. யார் எப்போது எதற்குச் சம்மதித்தார் என்ற கேள்வி ஓராண்டு கழித்து எழும்போது எல்லோரும் தேடிப் போவது மடல்களைத்தான். ஆகவே பேச்சில் முடிவானவற்றை அன்றைக்கே நான்கைந்து வரிகளில் எழுதி அனுப்புங்கள்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை: சோதனை 20-ஆம் தேதி தொடங்கும், கருவிகளை உங்கள் குழு தரும், அறிக்கை எங்கள் பொறுப்பு. இதில் மாற்றம் இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.' நான்கு பேர் ஒரே கூட்டத்திலிருந்து நான்கு வெவ்வேறு நினைவுகளோடு வெளியேறுவது இயல்பு. அந்த வேறுபாட்டை அன்றே வெளிக்கொணர்வதால், அறிவுரைகளில் மிகுந்த பலன் தருவது இது என்றே நினைக்கிறேன்.

மேலாளரிடம் முடிவு கேட்கும்போது சிக்கலை மட்டும் கொட்டிவிடாமல், உங்கள் பரிந்துரையையும் சேர்த்து எழுதுங்கள். 'என்ன செய்யலாம்?' என்று முடியும் மடல் முழு வேலையையும் அவரிடம் தள்ளுகிறது. 'இரண்டு வழிகள் உள்ளன, முதலாவதில் செலவு குறைவு, இரண்டாவதில் காலம் குறைவு, கெடு நெருங்குவதால் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன், சம்மதமா?' என்று முடிந்தால், கூட்டங்களுக்கு நடுவே கைபேசியிலிருந்தும் அவரால் பதில் தர முடியும்.

மறுப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். பதில் எழுதாமல் இருப்பது மறுப்பு ஆகாது. அது கேட்டவரைக் காத்திருக்க வைக்கிறது. 'இந்த மாதம் என்னால் இதை எடுத்துக்கொள்ள இயலாது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் முடியும்' என்று அன்றே எழுதினால் அவர் வேறு வழி பார்ப்பார். முழுப் பதில் தர நாளாகும் என்றால் 'கிடைத்தது. புதன்கிழமைக்குள் விரிவாக எழுதுகிறேன்' என்று ஒரு வரி அனுப்பி, சொன்னபடி புதனன்று எழுதுங்கள்.

பதில் வராதபோது நினைவூட்டுவதற்குத் தயங்க வேண்டாம். அவசரம் இல்லாத விஷயங்களில் மூன்று வேலை நாட்கள் பொறுப்பது பொருத்தம். பழைய மடலுக்கே பதிலாக, வேண்டுகோளை மீண்டும் முழுமையாக எழுதி அனுப்புங்கள். 'கீழே உள்ளதைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினால் அவர் கீழிருந்து மேலாக எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் தொலைபேசிக்கு மாறுங்கள்.

கோபத்தில் எழுதிய மடலை வரைவில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள். முகவரிப் புலம் வெறுமையாக இருக்கட்டும். மறுநாளும் அனுப்பத்தக்கதாகத் தோன்றினால், அதில் உள்ள உண்மைகளை வைத்துக்கொண்டு உரிச்சொற்களை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

வேலை நேரத்துக்கு அப்பால் வரும் மடல்கள், எழுதியவர் எதிர்பார்க்காவிட்டாலும், கீழே பணிபுரிபவருக்குக் கட்டளையாகவே படும். பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் பணிநேரத்துக்குப் பிந்தைய மின்னணுத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி ஊழியர்களின் பிரதிநிதிகளோடு பேச்சு நடத்த வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் அத்தகைய சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவில் எழுதியதைக் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி இன்று பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. பொறுப்பில் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

இணைப்புக் கோப்புகள்

மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. படமும் ஆவணமும் சேர்த்து அனுப்ப வழி செய்த மைம் என்ற தரநிலை 1992-இல் வந்தது. இன்றும் இணைப்புக் கோப்புகள் பெரும்பாலும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன; அந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு ஆகிறது. கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால்தான், 25 எம்.பி. வரம்புள்ள சேவையில் 20 எம்.பி. கோப்பும் சில நேரம் திரும்பி வந்துவிடுகிறது. பெரிய கோப்புகளுக்கு மேகச் சேமிப்பின் சுட்டியை அனுப்புங்கள். அனுப்பும் முன், பெறுபவருக்குத் திறக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 'அனுமதி கோருகிறார்' என்ற அறிவிப்பு நள்ளிரவில் வந்தால் அவருக்கு அன்றைய வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

கோப்பின் பெயர் அதைப் பெறுபவருடைய கணினியில் அர்த்தம் தர வேண்டும். 'இறுதி', 'புதிய இறுதி' என்ற பெயர்களை விட்டுவிட்டு, உங்கள் பெயர், பொருள், தேதி ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுங்கள். கோப்பை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு மடலை எழுதும் பழக்கம், 'இணைப்பைக் காணோம்' என்ற பதிலைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

அனுப்புநராகத் திரையில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதல்வரின் பெயரிலோ இயக்குநரின் பெயரிலோ வந்த மடல் பணமோ கடவுச்சொல்லோ மாணவர் பட்டியலோ கேட்டால், பெயருக்குப் பின்னால் உள்ள முழு முகவரியைத் திறந்து பாருங்கள். முகவரி சரியாக இருந்தாலும், கேட்டது வழக்கத்துக்கு மாறானது என்றால், அந்த மடலுக்குப் பதில் எழுதாமல் உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள். அவருடைய கணக்கே களவு போயிருக்கலாம். குறிப்பாக, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்' என்று வரும் மடலைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் ஏற்கவே கூடாது. இத்தகைய மோசடிகளில் அவசரமும் இரகசியமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்: 'உடனே செய்யுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

கடவுச்சொல், அடையாள அட்டையின் படம், மருத்துவ விவரம் ஆகியவற்றைச் சாதாரண மடலில் அனுப்பாதீர்கள். பயணத்தின்போது பிறர் படிக்க முடியாதபடி மடல் குறியாக்கம் செய்யப்பட்டாலும், போய்ச் சேர்ந்த பிறகு அது பெறுநரின் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்; அந்தப் பெட்டியை எப்போதாவது யாரேனும் திறந்துவிட்டால் உங்கள் விவரமும் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு படி உறுதிப்படுத்தலை இன்றே இயக்குங்கள்.

அனுப்பிய பிறகு

பிழையோடு போன மடலைத் திரும்பப் பெறலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். ஜிமெயிலில் உள்ள 'அனுப்பியதை ரத்துசெய்' வசதி, மடலை 5 முதல் 30 வினாடிகள் வரை பிடித்து வைத்திருந்து அனுப்புவதுதான். அமைப்புகளில் அதை 30 வினாடியாக மாற்றிக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் உள்ள திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும். அதற்குப் பிறகு செய்யக்கூடியது, 'திருத்தம்' என்று தொடங்கும் பொருள் வரியோடு சரியான செய்தியை முழுமையாக எழுதி அனுப்புவதே. எது தவறு, எது சரி என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். நீண்ட மன்னிப்பு தேவையில்லை. பிறருடைய தனிப்பட்ட விவரம் தவறானவருக்குப் போயிருந்தால், மறைக்காமல் அன்றே நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.

படிப்பு முடியும்போதும் வேலையை விடும்போதும் நிறுவன முகவரி சில நாட்களிலோ மாதங்களிலோ மூடப்படும். அதற்கு முன்பே, அந்த முகவரியில் தொடங்கிய வங்கி, தேர்வு, இதழ்ச் சந்தா போன்ற கணக்குகளைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். பரிந்துரை தந்தவர்கள், உடன் ஆய்வு செய்தவர்கள் ஆகியோருக்குப் புதிய முகவரியைத் தெரிவியுங்கள். நிறுவனத்துக்கு உரிய கோப்புகளை எடுத்துச் செல்லாமல், உங்களுக்கு உரியவற்றை மட்டும் விதிகள் அனுமதிக்கும் அளவில் பிரதி எடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அது எந்த நிலையில் நிற்கிறது, அடுத்து யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்பதை எழுதி, உங்கள் இடத்துக்கு வருபவருக்கு அனுப்புங்கள். கடைசி நாளன்று, இனி யாருக்கு எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் தானியங்கிப் பதிலை அமைத்துவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.